மூளைக்கு உகந்த நீர்

கண்டி மாநகரினின்று மகாவலி கங்கையைக் கடந்து திகனைப் பக்கமாகச் செல்லும் பெருந்தெருவிலே பல்லேகல கைத்தொழில் வலயம் உள்ளது. அங்கு நிறுவப்பெற்ற தொழிற்சாலைகளுள் ஒன்று கெலுன் லைஃப்சயன்சஸ் என்பது. நோயாளரின் நாளத்தினூடாக உடலினுள் ஏற்றும் நீர்களை ஆக்குதற்கென அஃது அமைக்கப்பட்டது. நீரையும் உப்பையும் கலந்து அடைப்பதற்கு இத்துணைப் பெரிய ஆலை வேண்டுமோ என்று அத்தெருவாற் போகும்போது நான் எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் ஒரு நோயாளர் விடுதியிலே, ஒரே இரவில், என்னை விட்டு நீங்கிற்று. அதனையே இவ்விழா மலருக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். தமிழாசிரியன் எழுதுங் கட்டுரை இலக்கியம் பற்றியதாதல் வேண்டும் என எதிர்பார்த்த பழைய மாணவர்கள் பொறுத்தருள்வார்களாக. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர்க்கு இது பாடமாகவும், ஏனையோர்க்கு என்றேனும் ஒருநாள் உதவக்கூடிய செய்தியாகவும் அமையும் என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாரின் மகன் மோட்டார்ச் சைக்கிளினின்று விழுந்து தலையில் அடிபட்டான். மண்டையோட்டினுள்ளே குருதி கட்டியிருந்தமையால் அன்றிரவே தலையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தனர். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் கண் விழிக்கவில்லை. கட்டிலருகே தொங்கிய போத்தலில் என்ன எழுதியிருக்கின்றது என்று படித்துப் பார்த்தேன். சோடியம் குளோரைட்டு 0.9 வீதம் என்றிருந்தது. வெறும் உப்புத் தண்ணீர்! இரண்டு நாளாக ஒரு பருக்கைச் சோறும் உட்கொள்ளாத பிள்ளைக்கு உப்புத் தண்ணீரோ என்று அக்கா அழுதார். "தம்பி, நீ படித்தவன், போய்க் கேள்" என்றார். நானும் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பதினும் சண்டை பிடித்தேன் என்பதே பொருந்தும். குளுக்கோஸ் ஏற்றினாற் பிள்ளைக்குப் பலம் வராதா என்று அங்கு நின்ற மயக்க மருந்து வைத்தியரிடம் குரலை உயர்த்தினேன். அவர் என்னிலும் மிக இளையவர். ஆயினும் முகஞ் சுளித்தாரல்லர்.

"மாஸ்டர், போத்தலில் இருக்கும்வரைக்குந்தான் அது குளுக்கோஸ். உடம்புக்குள்ளே போனபின் அது வெறுந் தண்ணீர். வெறுந் தண்ணீர் இந்தத் தம்பியின் மூளையை வீங்கச் செய்துவிடும். சாப்பாட்டுக்கு வேறு வழி உண்டு, நாளைக்கு மூக்கால் குழாய் விட்டுக் கொடுப்போம்" என்றார். பின்பு ஒரு காகிதத்தின் பின்புறத்திலே படம் வரைந்து கால் மணி நேரம் எனக்குப் பாடஞ் சொன்னார். அன்று அவர் சொல்லியதும், அதன்பின் யான் தேடிப் படித்ததுமே ஈண்டுத் தொகுத்து உரைக்கப்படுகின்றன.

உலர்ந்த முந்திரிகை வற்றலை நீரில் இட்டால் அது பருத்துப் பொலிகின்றது. அரிந்த பாகற்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் அது நீரைக் கக்கிச் சுருங்குகின்றது. நம் தாய்மார் நாள்தோறுங் காணும் இவ்விரு காட்சிகளிலும் நிகழ்வது ஒன்றே. நீரை விட்டுக் கரைபொருளைத் தடுக்கும் ஒரு மென்சவ்வு இடையே இருக்குமாயின், கரைபொருள் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும். இதனைப் பாடநூல்கள் பிரசாரணம் எனக் கூறும். நம் உடலிலுள்ள ஒவ்வொரு கலமும் ஒரு முந்திரிகையே. அதனைச் சூழ்ந்த நீரிலே கரைபொருள் குறைந்தால் வீங்கும், கூடினாற் சுருங்கும். ஆரோக்கியமான மனிதனின் குருதியிலே கரைபொருளின் செறிவு கிலோகிராம் நீருக்கு 285 முதல் 295 மில்லியொஸ்மோல் என்னும் ஒடுங்கிய எல்லைக்குள் காக்கப்படுகின்றது. அதனிற் பெரும்பங்கு சோடியமும் அதனோடு இணைந்த குளோரைட்டு முதலியனவுமாம்.

காலில் அடிபட்டவன் கால் வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மூளைக்கு அவ்வசதி இல்லை. ஏறத்தாழ 1400 கிராம் நிறையுள்ள அவ்வுறுப்பிலே ஐந்தில் நான்கு பங்கு நீர். அது எலும்பாலாகிய பேழையுள் அடைபட்டுக் கிடக்கின்றது. அப்பேழையுள் இருப்பவை மூன்று: மூளை, குருதி, மூளைய முண்ணாண் பாய்பொருள். இவற்றுள் ஒன்று பெருகினால் மற்றொன்று குறைதல் வேண்டும். இன்றேல் அமுக்கம் ஏறும். இவ்வுண்மையை எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்றோ 1783இலும், அந்நகரை அடுத்த லீத் துறைமுகத்தில் ஜோர்ஜ் கெல்லி 1824இலும் எடுத்துக் கூறினர். படுத்திருக்கும் வளர்ந்தோர் தலையினுள்ளே இயல்பான அமுக்கம் 7 முதல் 15 மில்லிமீற்றர் இரசம். அது 22ஐக் கடந்து நிற்குமாயின் சிகிச்சை தொடங்குதல் வேண்டும் என்பது தலைக்காயம் பற்றிய 2016ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டி நூலின் முடிவு. அமுக்கம் மேலும் ஏறினாற் குருதி உள்ளே புக இயலாது. மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூச்சை நடத்தும் பகுதி நெருக்குண்ணும்.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. நாளத்தினூடாக உப்புநீர் ஏற்றும் முறையை முதன்முதலில் மனிதரிற் கையாண்டு பயன் கண்டவர் தோமஸ் லாற்றா என்னும் வைத்தியர். 1832இல் வாந்திபேதியால் நீரிழந்து மாண்டுகொண்டிருந்தவர்களுக்கு அவர் அதனைச் செய்தார். அவர் தொழில் புரிந்த ஊரும் அதே லீத் துறைமுகமே. மண்டையோடு விரிந்து கொடாது என்று சொன்னவரும், நாளத்தில் நீர் ஏற்றலாம் என்று காட்டியவரும் எட்டு ஆண்டு இடைவெளியில் ஓரூரிலே தம் பணியை வெளியிட்டனர். அவ்விரண்டு உண்மைகளும் ஒன்றோடொன்று முட்டுமிடந்தான் நம் கட்டுரையின் பொருள்.

மூளையின் குருதி மயிர்க்குழாய்கள் ஏனைய உறுப்புகளின் மயிர்க்குழாய்களைப் போன்றன அல்ல. தசையிலும் தோலிலும் மயிர்க்குழாய்ச் சுவரிலே சிறு இடைவெளிகள் உண்டு. சோடியமும் குளோரைட்டும் அவற்றினூடே தடையின்றிப் போய்வரும். புரதம் மட்டுமே பெரும்பாலும் உள்ளே தங்கும். ஆகவே அங்கே நீரைக் குழாயினுள் பிடித்துவைப்பது புரதம். மூளையிலோ அச்சுவரின் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துள்ளன. சோடியமும் எளிதிற் கடக்க இயலாது, நீர் கடக்கும். எனவே முந்திரிகை வற்றலின் தோல்போல அச்சுவரே மென்சவ்வாகத் தொழிற்படுகின்றது. பவுல் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885இல் விலங்குகளின் குருதியிற் சாயமேற்றியபோது உறுப்பெல்லாம் நிறம்பெற, மூளை மட்டும் வெண்மையாக நின்றதைக் கண்டார். சாயத்தை மூளை பற்றிக்கொள்ளாது போலும் என்று அவர் கருதிவிட்டார். தடை நிற்பது குழாய்ச் சுவரிலேதான் என்பதும், அது கலங்களின் இறுகிய பிணைப்பே என்பதும் 1967இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியினாற் காணப்பட்டன.

இதனால் விளைவது யாது? குருதியின் புரதமெல்லாஞ் சேர்ந்து நீரை ஈர்க்கும் வலிமை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இரசம். கரைபொருட் செறிவில் ஒரேயொரு மில்லியொஸ்மோல் வேறுபாடு தரும் வலிமையோ 19 மில்லிமீற்றருக்கும் சற்று மேல். செறிவு 290இலிருந்து 285 ஆகக் குறைந்தால், மூளையினுள் நீரைத் தள்ளும் விசை ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். இது நாடியிலே குருதி பாயும் சராசரி அமுக்கத்தை ஒத்தது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். கணக்கைப் போட்ட பின்பே எனக்கும் அந்த வைத்தியர் சொன்னது மனத்திற் பதிந்தது. மூளைக்கு ஏற்றும் நீரைத் தெரிவதில், அந்நீர் கெட்டியானதா, விலையுயர்ந்ததா, புரதம் உள்ளதா என்பன முதன்மையல்ல. குருதியின் செறிவை அது குறைக்குமா என்பதே முதல் வினா.

இதனை நேரிற் கண்டு காட்டியவர்கள் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீட், மக்கிபன் என்னும் இருவர். 1919இலே பூனைகளின் நாளத்தில் வடிநீரை ஏற்றியபோது மூளை வீங்கியதையும், கடும் உப்புக் கரைசலை ஏற்றியபோது மூளை சுருங்கியதையும் அவர்கள் வெளியிட்டனர். 1987இல் முயல்களிற் செய்த சோதனையொன்றில் புரதத்தின் ஈர்ப்பு மட்டும் குறைந்தபோது மூளையின் நீர் மாறவில்லை. கரைபொருட் செறிவு குறைந்தபோதோ நீர் கூடியது. எனினும் அடிபட்டுச் சிதைந்த பகுதியிலே அச்சுவரும் சிதைந்திருக்கும். அங்கே எது சென்றாலுங் கசியும். சுவர் நன்றாயுள்ள ஏனைய பகுதியை நம்பியே வைத்தியர் தம் கணக்கைப் போடுகின்றனர்.

இனிப் போத்தல்களைப் பார்ப்போம்.

நம் மக்கள் நாளத்தில் ஏற்றும் நீர் யாவற்றையும் சேலைன் என்றே வழங்குவர். அச்சொல்லுக்கு உரியது உப்புநீர் ஒன்றே. குளுக்கோஸ் என்று நாம் கூறுவது 5 வீத டெக்ஸ்ரோஸ். இலீற்றருக்கு 50 கிராம் வெல்லம். போத்தலிலே அதன் செறிவு குருதியின் செறிவோடு ஏறக்குறைய ஒத்திருக்கும். உடலினுட் சென்றதும் கலங்கள் வெல்லத்தை உண்டுவிட, எஞ்சுவது நீர். ஓர் இலீற்றர் ஏற்றினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள்ளே போய்விடும். குருதிக் குழாயிலே தங்குவது 80 மில்லிலீற்றர் அளவே. அதே அளவு உப்புநீரை ஏற்றினால் அது கலங்களுக்குள் புகாது. ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் குழாயினுள் தங்கும். மூளைச் சத்திரசிகிச்சையின்போது குளுக்கோசை விலக்குவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. குருதி போதாமல் வாடும் மூளைப் பகுதியிலே வெல்லம் மிகுந்திருந்தால் அங்கு இலற்றிக்கமிலம் பெருகிச் சேதத்தை மிகுவிக்கும். ஆனால் இதனைக் கேட்டுவிட்டு, மூளைக்கு வெல்லமே ஆகாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மூளை உயிர்வாழ்வதே வெல்லத்தைக் கொண்டு. குருதியில் வெல்லம் குறைந்துவிட்டாலும், பச்சிளங் குழந்தைகளுக்கும், இன்சுலின் பெறுவோர்க்கும் அதனை அளந்து கொடுப்பர். அளத்தல் என்பதே அங்கு முதன்மை.

அடுத்தது 0.9 வீத உப்புநீர். இலீற்றருக்கு 9 கிராம் உப்பு; சோடியம் 154, குளோரைட்டு 154 மில்லிமூல்; கூட்டினால் 308. கரைசலில் உப்பு முற்றாகப் பிரிந்து தொழிற்படாமையால் அதன் மெய்யான செறிவு குருதியை அண்மியே நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'நோர்மல் சேலைன்' என்று பெயர். சொல்லைப் பற்றிப் பேசுவது என் தொழிலாதலின் ஒன்று கூறுவேன்: இப்பெயர் பொருந்தாப் பெயர். குருதியிலே குளோரைட்டு ஏறத்தாழ 100 மில்லிமூல்தான் இருக்கும். இப்போத்தலில் அதனின் ஒன்றரை மடங்கு. பல இலீற்றர் ஏற்றினாற் குருதி புளித்து அமிலத்தன்மை அடையும், சிறுநீரகமும் இடர்ப்படக்கூடும். ஒல்லாந்து நாட்டு ஹம்பேர்கர் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கலங்களை ஆராய்ந்து, அவை வெடியாமலும் சுருங்காமலும் இருக்கும் உப்பளவு 0.92 வீதமென மதிப்பிட்டார். அந்த அளவு செங்கலத்துக்கு இயல்பானது என்றாற் சரி. குருதிக்கு இயல்பானது என்றல் மிகை. எவ்வாறாயினும் மூளை நோயாளர்க்கு இன்றுவரை பெரிதும் கைகொடுப்பது இந்த மலிவான உப்புநீரே. நான் இகழ்ந்து பேசிய அதே போத்தல்.

குளோரைட்டு மிகுதியைத் தவிர்க்க வந்தது றிங்கரின் கரைசல். இலண்டனில் சிட்னி றிங்கர் 1880களில் தவளையின் இதயத்தை உப்புநீரிலே துடிக்கச் செய்து ஆராய்ந்தார். உதவியாளர் வடிநீருக்குப் பதிலாகக் குழாய்நீரைப் பயன்படுத்தியிருந்தமை பின்னரே அவருக்குத் தெரியவந்தது. அக்குழாய்நீரில் இருந்த கல்சியமே இதயத்தைத் துடிக்கச் செய்தது என்று கண்டார். அதனுடன் 1930களில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹாட்மன் இலற்றேற்றைச் சேர்த்தார். வயிற்றோட்டத்துக்கும் தீக்காயத்துக்கும் ஏனைய சத்திரசிகிச்சைகளுக்கும் இது நல்ல நீர். ஆனால் இதிற் சோடியம் 130 மில்லிமூல் மட்டுமே. கணக்கிட்ட செறிவு 273, அளந்து பார்த்தால் 255 அளவு. ஒரு போத்தலால் ஊறு நேராது. பல மணி நேரச் சத்திரசிகிச்சையில் மூன்று நான்கு இலீற்றர் சென்றால் குருதியின் செறிவு இறங்கும். ஆதலால் உடலின் மற்றெல்லாப் பகுதிக்கும் விரும்பப்படும் இந்நீர் தலைக்கு மட்டும் ஐயத்துக்குரியதாயிற்று.

பிளாஸ்மாலைற் எனப்படும் சமநிலைக் கரைசலில் சோடியம் 140, குளோரைட்டு 98, செறிவு கணக்கின்படி 295. காகிதத்திலே பார்க்கும்போது குறை ஒன்றுங் காணோம். காகிதத்திற் சரியாயிருப்பது கட்டிலிலும் சரியாகும் என்று நம்பலாமா? பிரேசில் நாட்டிலே தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லாரையுஞ் சேர்த்துப் பார்த்தால் சமநிலைக் கரைசலுக்கும் உப்புநீருக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. தலைக்காயம் அடைந்தோரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, 90 நாளில் இறந்தோர் சமநிலைக் கரைசல் பெற்றோருள் 31.3 வீதம், உப்புநீர் பெற்றோருள் 21.1 வீதம். பெரிய ஆய்வொன்றின் சிறு பிரிவிலே கண்ட முடிவாதலின் இதுவே இறுதி வாக்கு என்று கொள்ளுதல் தகாது, காரணமும் தெளியப்படவில்லை. தலைக்காயத்துக்கும், முன்னரே திட்டமிட்டுக் கட்டியை அகற்றும் சிகிச்சைக்கும் வேறுபாடும் உண்டு. பின்னதில் சமநிலைக் கரைசலை விரும்பும் மயக்க மருந்து வைத்தியர் பலர்.

அல்புமின் பற்றிய செய்தி இதனினும் படிப்பினை மிக்கது. மனிதக் குருதியினின்றே பிரித்தெடுத்த புரதம். விலையோ மிக அதிகம். விலை உயர்ந்தது உயிரைக் காக்கும் என்று எவர்தாம் நினையார்? அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 6,997 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அவர்களுள் தலைக்காயம் அடைந்த 460 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2007இல் முடிவை அறிவித்தனர். அல்புமின் பெற்றோருள் 33.2 வீதத்தினர் இறந்தனர். உப்புநீர் பெற்றோருள் இறந்தோர் 20.4 வீதம். அந்த 4 வீத அல்புமினைக் கரைத்திருந்த நீர் குருதியிலும் செறிவு குறைந்தது என்பதைப் பின்னர்ச் சிலர் சுட்டிக் காட்டினர். அது மட்டுமே காரணமா, சிதைந்த சுவரினூடே புரதமும் கசிந்து நீரை இழுத்ததா என்பது இன்னும் வாதத்துக்குரியது.

மூளை ஏற்கெனவே வீங்கியிருந்தால், வீங்கச் செய்யாத நீர் மட்டும் போதாது. வீக்கத்தை வற்றச் செய்யும் நீர் வேண்டும். அவை இரண்டு. ஒன்று மனிற்றோல். வெல்லத்தோடு உறவுடைய இப்பொருள் 1960களின் தொடக்கத்திலே இப்பணிக்கு வந்தது. இதன் 20 வீதக் கரைசலின் செறிவு ஏறத்தாழ 1,100. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கால் கிராம் முதல் ஒரு கிராம் வரை கொடுப்பர். அது மூளையின் நீரை இழுத்துக் குருதியிற் சேர்த்துச் சிறுநீராக வெளியேற்றும். ஆதலாற் குருதியின் கன அளவும் குறையும். அதனை ஈடுசெய்யாவிடிற் குருதியமுக்கம் விழும். இக்கரைசலிலே குளிர் பட்டாற் பளிங்குத் துகள்கள் தோன்றும். வெதுவெதுப்பான நீரில் வைத்து அவற்றைக் கரைத்து, வடிகட்டியுள்ள குழாயினூடாகவே தாதியர் ஏற்றுவர். நுவரெலியாக் குளிரை அறிந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மற்றையது 3 வீத உப்புநீர்: சோடியம் 513 மில்லிமூல். இது சிறுநீரை அவ்வளவு பெருக்காமையால், குருதியிழந்து அமுக்கம் குறைந்த நோயாளர்க்கு வாய்ப்பானது. வீட், மக்கிபன் பூனைகளிற் கண்டதைத்தான் நூறு ஆண்டு கழித்தும் செய்துகொண்டிருக்கின்றோம்.

எந்த நீர் என்பதோடு எவ்வளவு நீர் என்பதும் வினாவே. முன்னாளில் மூளை நோயாளரை 'உலர்த்தி' வைத்தல் வேண்டும் என்பது மூத்த சத்திரசிகிச்சை நிபுணர்களின் கொள்கையாயிருந்தது. நீரைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்று கருதினர். குருதியின் கன அளவு குறைந்தால் அடிபட்ட மூளைக்குக் குருதி செல்லாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தலைக்காயம் அடைந்த இளைஞனின் மேலமுக்கம் 110 மில்லிமீற்றருக்குக் கீழே செல்ல விடலாகாது என்பது இன்றைய விதி. நீரை வெட்டுவதன்று, கன அளவை இயல்பில் நிறுத்துவதே இப்போதைய நெறி. பழைய கொள்கை ஏட்டினின்று நீங்கியது போலச் சிலர் மனத்தினின்று இன்னும் நீங்கவில்லை என்று அந்த வைத்தியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் மருமகனுக்கு ஐந்தாம் நாள் வேறொரு சோதனை நேர்ந்தது. குருதியிலே 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய சோடியம் 128 ஆக இறங்கியது. மூளை நோயிற் சோடியம் குறைவதற்குப் பெருங் காரணம் இரண்டு. உடல் நீரை வெளிவிடாமற் பிடித்துவைப்பதால் உப்பு நீர்த்துப்போவது ஒன்று. சிறுநீரகம் உப்பையும் நீரையுஞ் சேர்த்து இழந்துவிடுவது மற்றொன்று. முன்னதற்கு நீரைக் குறைத்தல் வேண்டும். பின்னதற்கு நீரும் உப்பும் கொடுத்தல் வேண்டும். குருதிச் சோதனைத் தாளிலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாறிச் செய்தாற் கேடு. அன்று அவ்விளைய வைத்தியர் தாளைப் பார்த்ததிலும் பிள்ளையைப் பார்த்ததே அதிகம்: நாவு வறண்டிருக்கின்றதா, நாடித் துடிப்பு விரைகின்றதா, முன்னாள் இரவு சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்தது என்று தாதி எழுதிவைத்த கணக்கு என்ன என்றெல்லாம் ஆராய்ந்தார். உப்பையும் நீரையும் சேர்த்து இழக்கின்றான் என முடிவு செய்து, 3 வீத உப்புநீரை மெல்ல மெல்ல ஏற்றச் சொன்னார். விரைந்து ஏற்றலாகாதோ என்றேன். ஒரு நாளில் 8 அல்லது 10 மில்லிமூலுக்கு மேல் உயர்த்தினால், மூளைத் தண்டில் நரம்புகளின் உறை உரிந்து கைகால் விழுந்துவிடக்கூடும் என்றார். சிறுநீர் அளவை எழுதும் அந்தக் காகிதத்தை அதற்கு முன் நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

இத்தகைய சிகிச்சை நம் நாட்டவர்க்குக் கிட்டியது அண்மைக் காலத்திலேயாம். தென்னிந்தியாவில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னைப் பொது மருத்துவமனையிலே பா. இராமமூர்த்தி 1950இலும் நரம்பியற் சத்திரசிகிச்சையைத் தொடங்கினர். இலங்கையிற் கொழும்பிலே ஷெல்ரன் கப்ரால் 1956இல் தொடங்கிவைத்தார். இன்று கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிலே தமிழிற் கற்பித்தார். 1867இல் 'இரணவைத்தியம்', 1875இல் 'கெமிஸ்தம்' எனத் தமிழ் நூல்களையும் வெளியிட்டார். அவர் வழியைத் தொடர்ந்து பேணியிருந்தால், போத்தலில் எழுதியிருப்பதைப் படித்தும் பொருள் அறியாது நான் அன்று விடுதியிலே சத்தமிட்டிருக்க மாட்டேன் என்று தோன்றுகின்றது.

உறவினர் செய்யத்தக்கன சில உண்டு. நோயாளிக்கு நீரிழிவோ சிறுநீரக நோயோ இருந்தால் அதனை முதலிலேயே கூறுதல் வேண்டும். சிறுநீர் போவதற்கென விழுங்கும் வில்லைகளும் சோடியத்தைக் குறைக்கும். அவற்றின் சீட்டையும் காட்டுதல் நன்று. கடைசியாக எப்பொழுது உண்டார், குடித்தார் என்பதும் மயக்க மருந்து வைத்தியர்க்கு வேண்டும். விடுதிக்குள் மறைவாகச் செவ்விளநீர் கொண்டு சென்று வாயில் ஊற்றுவோரை நான் கண்டிருக்கின்றேன். முழு நினைவு இல்லாதவர்க்கு அது மூச்சுக்குழாயினுட் செல்லும். அதுவன்றி, இளநீரிலே பொற்றாசியம் மிகுதி. சோடியம் மிகச் சொற்பம். சொலமன் தீவுகளிலே வேறு நீர் இல்லாத இடர்ப்பாட்டில் இளநீரை நாளத்தினூடாகவே ஏற்றிய செய்தி 2000இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அந்நோயாளி அதனைத் தாங்கிக்கொண்டார். வெயிலுக்கு அதனினும் நல்ல பானம் இல்லை. மூளை வீங்கியவர்க்கு அது உகந்த நீரன்று.

மருமகன் ஒன்பதாம் நாள் கண் விழித்தான். ஒரு மாதங் கழித்து வீடு வந்தான். இப்பொழுது ஒரு கடையிலே கணக்கு எழுதுகின்றான். தலையில் அடிபட்ட பலருக்கு நேர்வதுபோல அவனுக்கும் மணம் அறியும் ஆற்றல் போனது போனதே. அக்கா அடுப்பிலே கருவாடு பொரித்தாலும் அவனுக்குத் தெரியாது. கறியில் உப்புக் குறைந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுகின்றான்.